பம்ப் செட் 'டுப்டுப்'புல இடையில ஒரு 'டுப்' விழுது. எஞ்சினை இறக்கிப் போரிங் (சிலிண்டர் கடையுறது) போடுறதுக்கு முன்னால என்ன பாக்கணும்?

தாழக்குடி வாழை:

எல்லாருக்கும் வணக்கம். வாழைக்குத் தண்ணி விடுற டீசல் எஞ்சின். பீட்டர் மாடல், ஒத்தை சிலிண்டர், 5 குதிரை, தகட்டுல 1500 ஆர்.பி.எம். சிலிண்டர் போர் 80 மி.மீ., ஸ்ட்ரோக் 110. தண்ணி கூலிங். 3 இஞ்ச் பம்ப் அதே பேஸ்ல கப்ளிங் போட்டுச் சேர்த்திருக்கு.

காலையில ஆறின எஞ்சின் ரெண்டே சுத்துல பத்திக்குது. இருபது நிமிஷம் 'டுப்டுப்டுப்'னு ஒரே சீரா ஓடும். அதுக்கப்புறம் 'டுப்டுப்... டுப்... டுப்டுப்'னு இடையில ஒண்ணு ரெண்டு டுப் விழ, அதாவது விட்டுப்போக, ஆரம்பிக்குது. விழுற நேரம் லேசா வெள்ளைப் புகை. பம்ப் தண்ணி வரத்தும் குறையுது. நிறுத்தி பத்து நிமிஷம் கழிச்சு அடிச்சா மறுபடி இருபது நிமிஷம் சுகமா ஓடும். கறும்புகை இல்ல. ஆயில் அளவு சரியா இருக்கு. மேல ஹெட் பக்கம் தனியா ஒரு 'டிக்டிக்' இருக்கு, அது ரொம்ப நாளாவே உண்டு.

ஒர்க்ஷாப்புல லைனர் பிஸ்டன் போயிருக்கும், இறக்கிப் போடணும்னு சொல்லுதாவ. இறக்குறதுக்கு முன்னால நாமளே பாக்கக்கூடியது என்ன?

இன்னொரு சின்ன சந்தேகம். போன்ல மெக்கானிக்கிட்ட சத்தத்தைச் சொன்னா புரிய மாட்டேங்குது. நான் டுப்டுப்ங்கேன், அவரு பட்பட்டாங்காரு, வீட்டுப் பிள்ளைகள் டுர்ருங்குது. இதுல ஏதாவது வித்தியாசம் இருக்கா, இல்ல எல்லாம் ஒண்ணுதானா?


ஸ்பேனர் 16-17:

முதல்ல ஒண்ணு. லைனர் பிஸ்டன் தேய்ஞ்ச எஞ்சின் ஆறின நிலையில ரெண்டு சுத்துல பத்தாது. டீசலுக்குத் தீப்பொறி கிடையாது, காத்தை அமுக்குற சூட்டுலதான் பத்தணும். பிஸ்டன் ரிங் போனா அந்த அமுக்கம் காலையிலதான் முதல்ல காட்டிக்கொடுக்கும்: கை ஓயச் சுத்தணும், பத்தின பிறகும் கொஞ்ச நேரம் வெள்ளையாப் புகையும், சூடானதும் சரியாகும். உங்களுக்கு நேர் எதிரா நடக்குது. அதனால இப்போ எதையும் இறக்க வேண்டாம்.

இருபது நிமிஷம் ஓடி, திக்கி, பத்து நிமிஷ ஓய்வுல தானே சரியாகுதுன்னா டீசல் வரத்தைத்தான் சந்தேகப்படணும். அதுலயும் முதல்ல டேங்க் மூடி. உங்க டேங்க் எஞ்சினுக்கு மேல இருக்கு, டீசல் தன் எடையில இறங்குது. இறங்குன அளவுக்கு மேல காத்து உள்ள வரணும். அதுக்குத்தான் மூடியில ஊசித் துளை. அது அடைஞ்சா உள்ள வெற்றிடம் விழுந்து டீசல் இறங்காது. நிறுத்திப் போட்டா மூடி இடுக்கு வழியாக் காத்து மெல்லப் போய் சமம் ஆயிடும். முழு லோடுல இந்த எஞ்சின் மணிக்கு 1 லிட்டருக்குக் கொஞ்சம் மேல குடிக்கும், அப்போ இருபது நிமிஷத்துல மூணுல ஒரு பங்கு லிட்டர். துளை அடைஞ்ச டேங்க் திணற அது போதும். டேங்க் எவ்வளவு நிறைஞ்சிருக்கோ அவ்வளவு சீக்கிரம் திணறும், ஏன்னா மேல இருக்குற காத்து கொஞ்சம்.

சோதனை சுலபம். திக்க ஆரம்பிச்சதும் எஞ்சினை நிறுத்தாம மூடியை மட்டும் திருகி விடுங்க. 'புஸ்'னு காத்து உள்ள இழுத்து, அரை நிமிஷத்துல 'டுப்டுப்' சீரானா வேலை முடிஞ்சது.

ஆகலைன்னா அடுத்தது ஃபில்டரும் தண்ணியும். நம்ம குமரி மாவட்டத்துல ரெண்டு பருவமும் மழை. பாதி டேங்கோட மாசக்கணக்கா நிக்கிற எஞ்சின்ல உள்ளே ஈரம் கோத்து அடியில தண்ணி தேங்கும். டேங்க் அடியில உள்ள டிரெயினைத் திறந்து ஒரு கண்ணாடிக் குப்பியில அரை லிட்டர் பிடிங்க. பத்து நிமிஷம் வச்சா தண்ணி அடியில தனியா நிக்கும். காகித ஃபில்டர் எலிமென்டைக் கழுவிப் போடாதீங்க, மாத்துங்க. துணி ஃபில்டரைக் கழுவலாம், காகித எலிமென்ட் கழுவினா கிழிஞ்சு அந்தத் தூள் டீசலைப் பீச்சுற நாசிலுக்குப் போகும்.

ஃபில்டரைத் தொட்டா ஏர் எடுத்தே ஆகணும். டேங்க் பாதிக்கு மேல இருக்கணும், காக் திறந்திருக்கணும். ஃபில்டர் தலையில உள்ள ஏர் ஸ்க்ரூவை ரெண்டு சுத்து தளர்த்துங்க. நுரையா வரும், குமிழ் நின்னு கம்பி மாதிரி டீசல் வந்ததும் ஓடும்போதே இறுக்குங்க. அதே மாதிரி டீசல் பம்புல உள்ள ஸ்க்ரூ. மூணாவதா நாசில் முனையில ஹை பிரஷர் பைப் நட்டை ஒரு சுத்து மட்டும் தளர்த்தி, டிகம்ப்ரஷன் லிவரை (வால்வைத் திறந்து வச்சு அமுக்கத்தை எடுக்குறது) தூக்கி வச்சு, டீசல் லிவரை முழுசாத் திறந்து கையால சுத்துங்க. ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை டீசல் 'சளுக்'னு எட்டிப் பாக்கும். குமிழ் இல்லாம வந்ததும் நட்டை இறுக்குங்க.

இப்போ காதைத் தீட்டுங்க. டிகம்ப்ரஷன் தூக்குன நிலையிலேயே சுத்தினா நாசில்கிட்ட 'கிர்க்... கிர்க்'னு ஒரு கிறீச்சல் கேக்கணும். அதுதான் நாசில் பீச்சுற சத்தம். கேட்டா பம்ப், நாசில் ரெண்டும் உயிரோட இருக்கு. கேக்கலைன்னா இன்னும் காத்து இருக்கு, இல்ல நாசில் ஊசி சிக்கியிருக்கு, இல்ல பம்புல டெலிவரி வால்வு ஒழுகுது.

காப்பர் வாசரைத் திரும்பத் திரும்பப் போட்டா ஒழுகும். புதுசு போடுங்க, பழசுதான் இருக்குன்னா சிவக்கச் சுட்டுத் தண்ணியில முக்கிப் போட்டா இளகிடும்.

நாசில் பீச்சுற இடத்துல விரலை வச்சுப் பாக்கவே கூடாது. இந்த ரக எஞ்சின்ல 200 பார் அளவுக்கு அழுத்தம் வச்சுத்தான் நாசில் திறக்கும். டீசல் தோலைத் துளைச்சு உள்ள போகும், வெளியில பாத்தா ஊசிக் குத்து மாதிரிதான் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரும்.


இலக்கணப் பிடிவாதம்:

ரெண்டாவது சந்தேகத்துக்கு நான் வருகிறேன். எல்லாம் ஒன்றல்ல.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. உங்கள் 1500 ஆர்.பி.எம். என்றால் நிமிடத்துக்கு 750, நொடிக்குப் பன்னிரண்டரை. நம் காது நொடிக்குச் சுமார் இருபது வரைதான் தட்டுகளைத் தனித்தனியாகப் பிரிக்கும். அதற்கு மேல் போனால் அவை ஒட்டி ஒரே ஸ்வரமாகிவிடும். பழைய லிஸ்டர் 6 குதிரை எஞ்சின் 650 ஆர்.பி.எம்.தான், நொடிக்கு ஐந்தரைத் தட்டு. அது 'டுப்... டுப்... டுப்' என்று இடைவெளி விட்டுப் பேசும். பழைய 346 சி.சி. புல்லட் நின்ற இடத்தில் 900-த்தில் ஓடினால் ஏழரை. உங்கள் பீட்டர் வேகமாக ஓடுவதால் 'டுப்டுப்டுப்' என்று நெருங்கிவிடுகிறது. ரப்பர் தோட்டத்தில் காடு வெட்டுகிற இரண்டு ஸ்ட்ரோக் மிஷின் 7000-த்தில் ஓடினால், அதில் சுற்றுக்கு ஒரு வெடிப்பு, நொடிக்கு 117. தட்டு போய்விட்டது, 'டுர்ர்ர்' மட்டும்தான் மிச்சம். ஆகவே பிள்ளைகளின் டுர்ர், லிஸ்டரின் டுப்டுப் இரண்டும் ஒரே குடும்பம்தான். நடுவில் இருபதாம் தட்டு ஒரு வரப்பு போல நிற்கிறது.

எழுத்துப் பக்கம் வந்தால் இன்னும் சுவை. இ ஒலி வந்தால் சிறிய, மெல்லிய இரும்பு: டிக்டிக், கிணிகிணி. அ ஒலி வந்தால் வெளிப்படையான, மூடியில்லாத வெடிப்பு: பட்பட், படபட. உ, ஒ வந்தால் கனத்த, உள்ளே அடைபட்ட சத்தம்: டுப்டுப், டொக்டொக். சைலன்சர் கழன்ற எஞ்சினை யாரும் டுப்டுப் என்று சொல்ல மாட்டார்கள். வாய் தானாகவே படபட என்று திறக்கும். உங்கள் மெக்கானிக் 'பட்பட்டா?' என்று கேட்டது புகைப்போக்கிப் பக்கம் கசிவா என்று கேட்டதாக இருக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை. ட என்ற எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்கக் கூடாது என்பது தொல்காப்பியம் முதல் நன்னூல் வரை விதி. அதனால் பழைய ஒலிச்சொற்கள் தடதட, கடகட, படபட, சலசல என்றே வரும். எஞ்சின் வந்த பிறகு அந்த விதியை வாய் மதிக்கவில்லை. 'இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா' என்பதும் இங்கே இடறுகிறது. பிரித்து 'ஒரு டுப் விழுது' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அது பொருளும் தருகிறது. அந்த ஒற்றை டுப்தான் இங்கே நோயே.


ஸ்பேனர் 16-17:

ஐயா சொன்ன இ, உ கணக்கு பட்டறையிலயும் அப்படியே. 'டிக்'னா டாப்பட் (வால்வைத் தள்ளித் திறக்குற பாகம்), 'டொக்'னா பேரிங். நாங்க அதுக்கு இலக்கணம் இருக்குன்னு நினைச்சதில்ல.


வள்ளம் 9.9:

கடல் பக்கத்துக்கும் கொஞ்சம் சேத்துக்கிடுங்க. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் வள்ளத்துல ஓடுற அவுட்போர்டு ரெண்டு ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர். ஒரு சுத்துல ரெண்டு வெடி. நல்ல எஞ்சின் கரையில மெல்ல ஓடும்போது 'டிங்-டிடிங்-டிங்'னு ஒழுங்கில்லாம இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். லோடு இல்லாதப்போ எரிஞ்ச புகை முழுசா வெளிய போகாம உள்ளயே தங்கி, அடுத்த வெடியைத் தடுக்கும். திராட்டில் குடுத்ததும் ஒண்ணாச் சேந்துரும். சேரலைன்னாதான் கோளாறு.

ஒரு சிலிண்டர் செத்தா சத்தம் அப்படியே பாதியா இறங்கும். 'டுர்ர்'னு இருந்தது 'பட்பட்பட்'னு கேக்கும், வள்ளம் இழுக்காது. எது செத்ததுன்னு பாக்க ஓடுற எஞ்சின்ல பிளக் தொப்பியைக் கையால புடுங்குற பழக்கம் உண்டு. அது வேண்டாம், கரண்ட் அடிக்கும், பக்கத்துல பெட்ரோல் ஆவியும் இருக்கும். நிறுத்திட்டு ரெண்டு பிளக்கையும் கழட்டுங்க. ஈரமா, கறுப்பா இருக்குறதுதான் எரியாத சிலிண்டர்.

மண்ணெண்ணெயில ஓட்டுறவங்க பிளக் கறுக்குறதுக்கு முக்கால்வாசிக் காரணம் நிறுத்துற விதம். பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துறது எல்லாருக்கும் தெரியும். நிறுத்துறதுக்கு முன்னால திரும்ப பெட்ரோலுக்கு மாத்தி ரெண்டு மூணு நிமிஷம் ஓட விடணும். இல்லைன்னா கார்பரேட்டர் கிண்ணத்துல மண்ணெண்ணெய் நிக்கும். ஆறின எஞ்சின்ல அது ஆவியாகாது, மறுநாள் இழுக்க இழுக்க பிளக்கை நனைக்கும். இழுத்து இழுத்துத் தோள் போறது அதனாலதான். ஆயில் கலக்குற அளவு பெட்ரோலுக்கு ஒண்ணு, மண்ணெண்ணெய்க்கு ஒண்ணு. எஞ்சினோட வந்த புத்தகத்துல உள்ளதைத்தான் வைக்கணும், பக்கத்து வள்ளக்காரர் அளவை இல்ல.

சத்தம் திடீர்னு 'ங்ங்ஈஈ'னு ஏறி, வள்ளம் நின்ன இடத்துல நிக்குதுன்னா ரெண்டுல ஒண்ணு: அலையில விசிறி காத்தைக் குடிக்குது, இல்ல விசிறியில உள்ள ரப்பர் புஷ் வழுக்குது. முதலாவது அலை கடந்ததும் சரியாகும். ரெண்டாவது ஆகாது. மெல்லத் திராட்டில் வச்சா புஷ் ஓரளவு பிடிக்கும், அப்படியே கரைக்கு வந்துரணும்.

சத்தம் மந்தமாகி, 'ம்ம்ம்'னு இழுத்து வேகம் குறைஞ்சா முதல்ல பின்னால திரும்பிப் பாருங்க, ஊசி மாதிரி தண்ணி பீச்சுதான்னு. பீச்சலைன்னா உடனே நிறுத்துங்க. குளிர்த்தண்ணி ஏத்துற இம்பெல்லர் போயிருக்கும், இல்ல தண்ணி எடுக்குற சல்லடையில பிளாஸ்டிக் ஒட்டியிருக்கும். சூட்டுல பிஸ்டன் பிடிச்சுக்கிட்டா நடுக்கடல்ல ஒண்ணும் செய்ய முடியாது. கரை சேர்ந்ததும் நல்ல தண்ணியில பத்து நிமிஷம் ஓட விடுறதும் இதுக்காகத்தான். உப்பு காய்ஞ்சா உள்ள வழியெல்லாம் அடைச்சுரும்.


தாழக்குடி வாழை:

ஸ்பேனர் அண்ணே, மூடியைத் தளர்த்தினதும் நீங்க சொன்ன அதே 'புஸ்'. இருபது நொடியில சீராயிட்டு. துளைக்குள்ள குளவி மண் வச்சிருக்கு. குத்தி எடுத்தாச்சு, ரெண்டு மணி நேரம் ஒரு டுப் கூட விழலை. டேங்க் அடியில குப்பி பிடிச்சதுல ரெண்டு விரல்கடை தண்ணியும் வந்தது, ஃபில்டரையும் மாத்தியாச்சு.

ஆனா இப்போ சீரா ஓடுறதால வேற ரெண்டு சத்தம் தெளிவாக் கேக்குது. ஒண்ணு அந்தப் பழைய டிக்டிக். இன்னொண்ணு, நடுநடுவுல எஞ்சின் 'ஊம்... ஊம்'னு ஏறி இறங்குது, அப்போ தண்ணியும் ஏறி இறங்குது. வேகத்தைக் கட்டுப்படுத்துற கவர்னரா?


நாஞ்சில் டில்லர்:

கவர்னரா இருக்கலாம், ஆனா பம்பை முதல்ல பாருங்க. எஞ்சின் சத்தத்தை வச்சே தண்ணிப் பக்கக் கோளாறு தெரியும், இதைப் பலரும் விட்டுருவாங்க.

பம்ப் தண்ணி தூக்கும்போது எஞ்சின் முக்கி ஓடும், டுப் கனமாக் கேக்கும். பம்ப் காத்தை இழுத்தா லோடு போயிடும், டுப் லேசாகி வேகம் ஒரு நொடி எகிறும், கவர்னர் டீசலைக் குறைக்கும். திரும்பத் தண்ணி ஏறினா மறுபடி முக்கும். இது மாறி மாறி நடந்தா 'ஊம்... ஊம்'. அப்போ கோளாறு கவர்னர்ல இல்ல, அது தன் வேலையைச் செய்யுது. உறிஞ்சு பைப்புல எங்கயோ காத்து வாங்குது.

எங்க வாங்குதுன்னு கண்டுபிடிக்க: ஓடும்போது உறிஞ்சு பைப் ஜாயின்ட் ஒவ்வொண்ணுலயும் கெட்டியா சோப்பு நுரை தடவுங்க. காத்து வெளிய வராது, உள்ள போகும், அதனால நுரை ஊதாது, உள்ள இழுத்து மறையும். அந்த நேரம் டுப் கனமாகுறதும் கேக்கும். பம்ப் கிளாண்டையும் (தண்டு பம்புக்குள்ள நுழையுற இடத்து அடைப்பு) விடாதீங்க. கிளாண்டுல சொட்டுச் சொட்டாத் தண்ணி விழணும். ஒரு சொட்டும் விழலைன்னா ஒண்ணு அதிகமா இறுக்கியிருக்கு, இல்ல அது வழியாக் காத்து போகுது. உறிஞ்சு பைப் அடியில உள்ள ஃபுட் வால்வுக்கு மேல தண்ணி குறைஞ்சது ஒரு முழமாவது நிக்கணும், இல்லைன்னா சுழி விழுந்து காத்தோட இழுக்கும். பம்புக்கும் தண்ணி மட்டத்துக்கும் உள்ள உயரம் 6 மீட்டரைத் தாண்டினா எந்த ஜாயின்ட் இறுக்கியும் பிரயோஜனம் இல்ல, பம்பைக் கீழ இறக்கணும்.

பம்பைக் கழட்டிவிட்டு எஞ்சினைத் தனியா ஓட்டியும் 'ஊம்' இருந்தா, அப்போ கவர்னர். லிங்க் கம்பியில எண்ணெய் காய்ஞ்சு பிசின் மாதிரி ஆகியிருக்கும். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, டீசல் பம்ப் ரேக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்குற கம்பி) விரலால தள்ளினா தங்குதடையில்லாம போய் வருதான்னு பாருங்க. ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டி வேகம் ஏத்துற வேலை மட்டும் வேண்டாம்.

டிக்டிக் பத்தி: அது டாப்பட் இடைவெளிதான், பெரும்பாலும். வால்வு ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை திறக்கும், அதனால டிக்கும் டுப்பும் ஒரே கணக்குல வரும். ஒரு டுப்புக்கு ஒரு டிக்னா ஒரு வால்வு, ரெண்டு டிக்னா ரெண்டும். எஞ்சின் முழுசா ஆறினதுக்கு அப்புறம், ரெண்டு வால்வும் மூடி இருக்குற கம்ப்ரஷன் மேல் முனையில வச்சு, ஃபீலர் கேஜ் விட்டு, புத்தகத்துல உள்ள அளவுக்கு வைங்க. சத்தம் பிடிக்கலைன்னு அளவுக்கு மேல இறுக்கிட்டா சூட்டுல வால்வு நீண்டு முழுசா மூடாது, எக்ஸாஸ்ட் வால்வு ஓரம் கருகும். கொஞ்சம் டிக்டிக் இருக்குற எஞ்சின் சத்தமே இல்லாத எஞ்சினை விட நல்லது.


ஸ்பேனர் 16-17:

டில்லர் சொன்னது அத்தனையும் சரி. லைனர் பிஸ்டன் சந்தேகம் இன்னும் மனசுல இருந்தா காசில்லாத சோதனை ஒண்ணு. எஞ்சின் நின்ன பிறகு, டீசல் லிவரை மூடிட்டு, டிகம்ப்ரஷன் போடாம, ஹாண்டிலைக் கழட்டி வச்சுட்டு, ஃப்ளைவீலைக் கையால கம்ப்ரஷன் வரைக்கும் தள்ளுங்க. நல்ல எஞ்சின் ஸ்பிரிங் மாதிரித் திருப்பி அடிக்கும். 'ஸ்ஸ்ஸ்'னு சத்தத்தோட மெல்லத் தாண்டிப் போச்சுன்னா காத்து எங்கயோ ஒழுகுது. எங்க கேக்குதோ அங்க நோய். சைலன்சர்ல கேட்டா எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர்ல கேட்டா இன்லெட். ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து அங்க கேட்டா ரிங், லைனர். தண்ணித் தொட்டியில குமிழ் வந்தா ஹெட் கேஸ்கட். இந்த நாலுல மூணாவது கேட்டா மட்டும்தான் இறக்குற பேச்சு.


மட்டிக்குலை:

இடையில வந்து கேக்கேன். எங்க பவர் டில்லர்ல 'கிண்கிண்'னு ஒண்ணு, லோடு ஏத்தும்போது 'டொக்டொக்'னு ஒண்ணு. ரெண்டும் ஒரே கோளாறா?


நாஞ்சில் டில்லர்:

இல்ல. 'கிண்கிண்' எரியுற சத்தம். 'டொக்' இரும்பு இரும்பை அடிக்குற சத்தம்.

கிண்கிண் வருதுன்னா டீசல் சீக்கிரம் போகுது, இல்ல நாசில் சொட்டுது. டீசல் பம்புக்கு அடியில உள்ள ஷிம்மை (மெல்லிய தகடு) யாராவது குறைச்சாங்களான்னு கேளுங்க. ஷிம் குறைஞ்சா டீசல் முன்னாலயே போகும், கூட்டினா பின்னால தள்ளும். இந்த ரக எஞ்சின்கள்ல மேல் முனைக்கு 23 டிகிரி முன்னால அளவுல பீச்சுறது வழக்கம், உங்க எஞ்சினோட அளவு அதன் புத்தகத்துல இருக்கும். நாசிலைக் கழட்டி டெஸ்டர்ல வச்சா புகை மாதிரிப் பீச்சி, முனை காய்ஞ்சு நிக்கணும். சொட்டு தொங்கினா நாசில் வேலை. சொட்டுற நாசில் கறும்புகையும் தரும்.

டொக் மட்டும் லோடுல கூடி, லோடு எடுத்ததும் குறைஞ்சா கனெக்டிங் ராடோட பெரிய முனை பேரிங். அப்படியே ஓட்டாதீங்க. கனெக்டிங் ராடு போல்ட் அறுந்தா ராடு பிளாக்கை உடைச்சுக்கிட்டு வெளிய வரும். அதுக்கு முன்னால ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில வடிகட்டிப் பாருங்க. பேரிங் உலோகம் வெள்ளி மினுக்காத் தெரியும். ஆறின எஞ்சின்ல ஆரம்பத்துல மட்டும் 'டொக்' கேட்டு, அஞ்சு நிமிஷத்துல மறைஞ்சா அது பிஸ்டன் லைனர்ல தட்டுறது. அதுக்கு அவசரம் இல்ல. கும்பப்பூ (ரெண்டாம் போக நெல்) அறுப்பு முடியட்டும், பிறகு பாத்துக்கலாம்.

எங்கேயிருந்து வருதுன்னு தெரிய நீள ஸ்க்ரூ டிரைவர் முனையை எஞ்சின் மேல வச்சு, மரப்பிடியைக் காதுக்கு முன்னால உள்ள எலும்புல அழுத்துங்க. ஃப்ளைவீல் பக்கமும் பெல்ட் பக்கமும் வேண்டாம். துண்டு, லுங்கி முனை எல்லாம் இறுக்கிக் கட்டியிருக்கணும்.


பொம்மைப் படகு:

டுப்டுப் பேச்சுல இதையும் போட்டுடறேன். கோட்டாறு சவேரியார் திருவிழாக் கடைகள்ல விக்கிற தகர டக்டக் படகு. உள்ள பிஸ்டனே இல்ல. மெல்லிய தகடு மூடின ஒரு சின்னக் கொப்பரை, பின்னால தண்ணிக்குள்ள ரெண்டு குழாய், அடியில விளக்கு. கொப்பரையில தண்ணி ஆவியாகி குழாய்த் தண்ணியைப் பின்னால தள்ளும். ஆவி குளிர்ந்ததும் தண்ணி உள்ள ஓடி வரும். தள்ளும்போது தண்ணி ஒரே திசையில பீச்சுது, இழுக்கும்போது நாலா பக்கமிருந்தும் வருது, அதனால படகு முன்னாலதான் போகும். 'டக்' சத்தம் அந்த மேல்தகடு உப்பி அமுங்குறது. ஓடலைன்னா முக்காலும் குழாயில காத்து இருக்கும். ஒரு குழாய் வழியா உறிஞ்சியில தண்ணி விடணும், இன்னொரு குழாய்ல தண்ணி வெளிய வர்ற வரைக்கும். பம்ப் செட்டுக்கு ஏர் எடுக்குற அதே வேலை.


தாழக்குடி வாழை:

டில்லர் அண்ணன் சொன்னபடி நுரை வச்சதுல ரெண்டாவது ஃப்ளாஞ்சுல இழுத்துது. ரப்பர் வாசர் மாத்தி இறுக்கினதும் ஊம் நின்னுட்டு. கம்ப்ரஷன் சோதனையில ஃப்ளைவீல் பின்னால திருப்பி அடிச்சுது, ஸ்ஸ் எங்கயும் கேக்கல. டாப்பட்ல எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் அதிகமா இருந்தது, அளவுக்கு வச்சாச்சு. இப்போ டிக் ஒண்ணுதான்.

டேங்க் மூடித் துளையைக் குளவி திரும்ப அடைக்காம இருக்கப் பெருசாத் துளைச்சுடலாமா?


ஸ்பேனர் 16-17:

வேண்டாம். பெருசாத் துளைச்சா மழைத்தண்ணி உள்ள போகும், திரும்பத் தண்ணிக் குப்பிக்கு வந்துருவீங்க. துளையை அப்படியே வச்சு, எஞ்சின் நிக்கிற நாள்ல மூடி மேல ஒரு துணிச் சுருக்குப் பை மாட்டுங்க. ஓட்டும்போது கழட்ட மறந்தாலும் துணி வழியாக் காத்து போகும், பிளாஸ்டிக் கவர் கட்டிடாதீங்க. ஃப்ளாஞ்ச் போல்டை ஒரு நாள் ஓடின பிறகு மறுபடி ஒரு தடவை இறுக்குங்க, புது ரப்பர் அமுங்கியிருக்கும்.